பச்சையம்மாவைப் படிக்க வைத்தவளுக்கு

இன்று காலை பக்கத்து வீட்டில் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. தட்டிச் சுவரின் இடுக்கு வழியாக அந்தக் காந்தல் வாசனை நம் வீட்டுக்குள் நுழைந்ததும், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த நான் அதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்தேன். பின்பக்கத்து ஜன்னலையும் திறந்தேன். காற்று உள்ளே வந்து வாசனையை வெளியே தள்ளிக்கொண்டு போன பிறகுதான், யாருக்காக இதைச் செய்தேன் என்று உறைத்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சுரங்கத்துச் சங்கு ஊதி அடங்கியது. நான் எழுந்திருக்கவில்லை.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. என் கைகளுக்கு இன்னும் அது தெரியவில்லை.

நமக்குக் கல்யாணமான புதிதில் உன்னுடைய இந்தச் சங்கடம் எனக்குத் தெரியாது. வேலூர்ப் பக்கத்து மிஷன் விடுதியில் வளர்ந்த பெண், எழுதப் படிக்கத் தெரிந்தவள், தையல் அறிந்தவள் என்று சொல்லித்தான் உன்னை எனக்குப் பேசினார்கள். பெண் பார்க்க வந்த அன்று விடுதியின் துரைசானி அம்மாள் பக்கத்தில் இருக்க, நீ தலையைத் தூக்காமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "அந்த ஊர்ல தண்ணி கெடைக்குமா?" தங்கம் எடுக்கிற ஊர், வெள்ளைக்காரன் நடத்துகிற சுரங்கம், அங்கே எனக்கு டைம்கீப்பர் உத்தியோகம் என்றெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அதில் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "வண்டியில கொண்டாந்து ஊத்துவாங்க. கெடைக்கும்" என்றேன். அந்தப் பதிலுக்காகத்தான் சம்மதித்தேன் என்று பின்னால் சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

சுரங்கத் தொழிலாளர்களின் குடியிருப்பு வரிசையான ஸ்கெலட்டன் லைனில் மூங்கில் தட்டி அடித்து, தகரம் வேய்ந்த இந்த ஒற்றை அறை வீட்டுக்கு வந்தோம். கல்லை இடிக்கும் மில்லின் சத்தம் ஓயாமல் கேட்கும். முதல் வாரம் உனக்குத் தலைவலி, அப்புறம் பழகிவிட்டது. ஒரு மாலை நான் வேலை முடிந்து வந்தபோது அடுப்பில் பானை கரிந்துகொண்டிருந்தது. நீ வீட்டில் இல்லை. எதிர் வரிசை வீட்டுச் சுவரோரம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குந்தியிருந்தாய். பானையை இறக்கி வைத்துவிட்டு உன்னிடம் வந்தேன்.

"இன்னா ஆச்சு?"

"அந்த வாசனை போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"நல்லா போயிடுச்சா? பாத்தீங்களா?"

இன்னொரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் பிறகுதான் சொன்னாய்.

பெரிய பஞ்சத்தில் உங்கள் ஊர் ஏரி வெடித்துக் கிடந்தபோது, உன் அம்மா உன்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு சர்க்கார் கஞ்சித்தொட்டிக்கு நடந்தே வந்திருக்கிறாள். பெரிய பெரிய கொப்பரைகளில் கஞ்சி காய்ச்சுவார்கள். கூட்டத்துக்கு அஞ்சி அவசரமாகக் காய்ச்சுவதால் எப்போதும் அடிப்பிடித்திருக்கும். வரிசையில் நின்றுகொண்டிருந்த அம்மா, கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. உன் இடுப்பில் இருந்த தம்பி அதற்கும் முன்னாலேயே அடங்கிவிட்டிருந்தான். அது தெரியாமல் நீ அவனைச் சுமந்துகொண்டு, கஞ்சி வாங்கி அவன் வாயில் ஊட்டப் பார்த்திருக்கிறாய். உனக்கு அப்போது ஆறு வயதோ ஏழு வயதோ.

"யாரோ வந்து அவன எங்கிட்டேந்து வாங்கினாங்க. என்னக் கையப் புடிச்சி இட்டுக்கினு போனாங்க. உம் பேரு இன்னா, பேரு இன்னான்னு கேட்டாங்க. நான் பேசல. ரொம்ப நாளு பேசவே இல்ல. அப்பால பேச்சு வந்துச்சு. அதுக்குள்ள பேரு போயிடுச்சு."

நீ இதைச் சொன்னபோது அழவில்லை. நான்தான் தெரு என்றும் பாராமல் அழுதேன்.

கடலுக்கு அப்பால் ஏதோ ஓர் ஊரில் ஒரு அம்மாள் இருந்தார். தன் ஒரே மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். நம் தேசத்துப் பஞ்சத்தைப் பற்றி அங்கே கோயிலில் சொல்லக் கேட்டு, ஓர் அநாதைப் பெண்ணுக்கு அவள் பெரியவளாகும் வரை சோறும் துணியும் படிப்பும் என் பொறுப்பு, அவளுக்கு என் மகளின் பெயரை வையுங்கள் என்று எழுதியிருந்தார். அப்படி உனக்கு ஒரு பெயர் வந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. விடுதியிலும் கோயிலிலும் அது எழுதப்பட்டிருக்கிறது, அதுவே போதும். நானும் உன்னை அந்தப் பெயர் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பேன், நீ திரும்பிப் பார்ப்பாய்.

அந்த அம்மாள் ஒரு வருஷம் தம் மகள் போட்டிருந்த கவுனையே அனுப்பி வைத்தாராம். குளிர் தேசத்துக் கம்பளித் துணி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதை உனக்குப் போட்டுவிட்டு, படம் பிடிக்க நிற்க வைத்திருக்கிறார்கள். கவுனின் கை உன் விரலைத் தாண்டித் தொங்கியது என்று காட்டினாய்.

"அந்தச் செத்த பாப்பாவையே உடுத்திக்கினு நின்ன மாதிரி இருந்துச்சுங்க. வேர்த்து ஊத்துது, தோலெல்லாம் அரிக்குது. அசையாத, சிரின்னு சொல்றாங்க."

கொஞ்ச நேரம் கழித்து நீயே சொன்னாய்: "அந்த அம்மா இல்லன்னா நான் இல்ல. அவங்க போட்ட சோறுதான் இந்த ஒடம்பு. அதுவும் நெசம். இதுவும் நெசம்."

அந்த இரண்டையும் நீ ஒன்றோடொன்று மோத விட்டதே இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவருக்கு நன்றி எழுதினாய். அவரிடமிருந்து பதில் நின்றுபோன பிறகும் அவருக்காக ஜெபம் செய்தாய்.

ஆனால் சாயங்காலங்களில் நீ செய்த ஒன்றை லைனில் யாரும் கவனித்ததில்லை, என்னைத் தவிர. விளக்கு வைக்கும் நேரத்தில் தாய்மார்கள் வாசலுக்கு வந்து, தெருவில் ஆடும் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். "ஏ குப்பூ!" "அடி அஞ்சலை, வூட்டுக்கு வா!" "சின்னப்பொண்ணூ!" நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து நிற்பாய். அந்தக் குரல்களில் ஏதாவது ஒரு பெயர் உனக்குள் போய் ஒரு மணியை அடிக்காதா என்று கேட்டுக்கொண்டிருப்பாய். கூப்பிடும் சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு உள்ளே வந்து, ஒன்றும் நடக்காததுபோல் ராகிக்களி கிண்டுவாய். நான் எதுவும் கேட்டதில்லை. நமக்குப் பிள்ளையும் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் நீ வாசலில் நின்று கூப்பிட ஒரு பெயர் இருந்திருக்கும்.

பிறகு கொள்ளைநோய் வந்தது. பெங்களூரில் எலி செத்து விழுகிறது என்று கேள்விப்பட்டோம்; சில மாதங்களில் நம் லைன்களிலும் விழுந்தது. நோய் கண்ட வீடுகளின் கூரையைப் பிரித்தார்கள், துணிமணியைக் கொளுத்தினார்கள், மனிதர்களைச் சுரங்கத்துக்கு அப்பால் பொட்டல்வெளியில் குடிசை போட்டுத் தள்ளி வைத்தார்கள். ஆள் சேர்த்துக் கூட்டி வந்த வேகத்தைவிட வேகமாக ஜனங்கள் ரயிலேறி ஊருக்கு ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் அந்தக் குடிசைகளில் கிடந்தார்கள்.

அங்கே கஞ்சி காய்ச்ச ஆள் இல்லை என்று நான்தான் வந்து சொன்னேன். ஏன் சொன்னேனோ. நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் போறேன்" என்றாய்.

"உன்னால முடியாதே. அந்த வாசனை..."

"அடிப்புடிக்காம காச்சினா வாசனை வராதுல்ல" என்றாய்.

நீ காய்ச்சிய கஞ்சி ஒரு நாளும் அடிப்பிடிக்கவில்லை. கரண்டியை விடாமல் கிண்டிக்கொண்டே இருப்பாய். தோள் மரத்துப்போகும் என்பாய். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று உன்னைப் பார்த்துவிட்டுப் போவேன். புகை நடுவில் நீ. தட்டேந்திய வரிசை. அந்த வரிசையின் ஓரத்தில்தான் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அப்பன் சுரங்கத்தில் பாறைக்கு டிரில் போடுகிறவன். பூமிக்கடியில் இருந்த லெவலில் வேலை செய்யும்போதே காய்ச்சல் கண்டு, கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவரும்போது நினைவில்லை. அவன் போன பிறகு அம்மாவுக்கும் நெறிக்கட்டி கண்டது. அம்மாவை எடுத்துப்போன பிறகும் அந்தப் பிள்ளை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் முதலில் கஞ்சியைத்தான் நீட்டினார்கள். நீ தட்டை வைத்துவிட்டு எதிரில் குந்தி, கேட்டாயாம்.

"உம் பேரு இன்னா கண்ணு?"

பேச்சில்லை.

"இப்ப சொல்ல வேணாம். ஆனா உள்ளுக்குள்ள சொல்லிக்கினே இரு. வுட்டுடாத. நான் நாளைக்கு வந்து கேக்கறேன்."

மறுநாளும் கேட்டாய். அதற்கு மறுநாளும். ஒரு நாள் வேலிக்கருகே நின்றிருந்த என்னிடம் ஓடி வந்தாய். உன் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "பச்சையம்மாவாம்! பச்சையம்மா! அவ வாயாலயே சொன்னாளுங்க!" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

நோய் தணிந்து ஜனங்கள் லைனுக்குத் திரும்பியபோது அந்தப் பிள்ளையைச் சித்தப்பன் முனிசாமி கூட்டிக்கொண்டு போனான். அவனும் டிரில் ஆள்தான், நல்லவன். ஆனால் சொந்தப் பிள்ளைகளே வீடு நிறைய. மில்லுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை இருந்தது. மேலே வந்த கல்லை உடைத்துக் கொட்ட, பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து தங்கம் உள்ள கல்லையும் வெறுங்கல்லையும் பிரித்துப் பொறுக்கும் கொட்டகை. பச்சையம்மாவை அங்கே சேர்த்துவிடப் போகிறேன் என்று முனிசாமி சொன்னான். நீ என்னை அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாய்.

"படிக்கப் போடறோம் முனிசாமி. நான் வளந்த விடுதி இருக்குது. நல்லாப் பாத்துக்குவாங்க."

"படிச்சு இன்னாம்மா பண்ணப் போவுது? பொட்டப்புள்ள."

"நான் படிச்சிருக்கேன்ல."

"நீங்க வேதக்காரங்க. அங்க இட்டுக்கினு போனா இத்தையும் வேதத்துல சேத்து, பேர மாத்திடுவாங்க. எங்கண்ணன் கொலதெய்வத்துக்கு நேந்துக்கினு வச்ச பேருமா அது. அவன் விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். நீ என்னைத் தடுத்தாய்.

"பேரு அப்பிடியே இருக்கும். அது எங்கிட்ட வுடு."

அந்த வாக்குறுதியோடுதான் நாமிருவரும் பச்சையம்மாவும் பௌரிங்பேட்டைக்குப் போய் வண்டி மாறி, விடுதிக்குப் போனோம். துரைசானி அம்மாள் இப்போது முதியவராகியிருந்தார். உன்னைக் கட்டிக்கொண்டார். பச்சையம்மாவுக்கு இனிப்புக் கொடுத்தார். எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகக் கடல் கடந்து உதவி வந்திருக்கிறது, இவளுக்கும் ஓர் அம்மாள் தயாராயிருக்கிறார்கள் என்றார். "அந்த அம்மாள் தங்கள் தாயாரின் பெயரை இந்தப் பிள்ளைக்குக் கொடுக்க விரும்புகிறார்கள்" என்று தம்முடைய திருத்தமான தமிழில் சொன்னார்.

"இவளுக்குப் பேரு இருக்குதும்மா" என்றாய்.

"இருக்கிறது, மகளே. ஆனால் கொடுப்பவர்களுக்கு ஒரு பிடிப்பு வேண்டாமா? அது அன்பினால் கேட்கிறது."

"அன்புன்னு எனக்குத் தெரியும்மா. அந்த அன்புலதான் நான் வளந்தேன். அவங்கள நான் குத்தம் சொல்லல. ஆனா இவளுக்கு ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க கூப்ட்ட பேரு ஒண்ணு இருக்குது. இவ அத்தைச் சொல்றதுக்கு எத்தினி நாளு ஆச்சுன்னு எனக்குத் தெரியும்."

துரைசானி அம்மாள் கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் அவருக்கும் கை கட்டப்பட்டிருந்தது. உதவியில் படிக்கிற பிள்ளை என்றால் உதவுகிறவர்களின் விருப்பம். சொந்தமாகச் செலவு கட்டிப் படிக்கிற பிள்ளை என்றால் பெற்றவர்கள் விருப்பம். இதுதான் விதி என்றார்.

"அப்ப நாங்க கட்டறோம்" என்றாய். என் முகத்தைக்கூட நீ பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பயந்திருப்பாய்.

திரும்பி வரும் வண்டியில் நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். சித்தூரில் இருந்த என் விதவைத் தாய்க்கும் தங்கைகளுக்கும் நான் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. மிச்சத்தில்தான் நம் பாடு. நீ தைத்துச் சம்பாதிக்கலாம் என்று நினைத்தாய். ஆனால் நோய்க்குப் பிறகு அடுத்தவர் கை பட்ட துணி என்றாலே ஜனங்கள் நடுங்கினார்கள். தைக்கக் கொடுப்பார் இல்லை. ஆண்டர்சன்பேட்டையில் நீ கொஞ்ச நாள் எழுத்துச் சொல்லிக்கொடுத்த சின்னப் பள்ளியும் மூடிவிட்டிருந்தது.

ஒரு காலை டைம் ஆபீஸ் ஜன்னலில் நான் வழக்கம்போல் பித்தளை வில்லைகளை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு வில்லை வாங்கிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். கொட்டகைப் பெண்களின் வரிசை வந்தது. ஒரு கை நீண்டது. வளையலைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"இன்னா இது?" என்றேன்.

"வில்லை குடுங்க. பின்னால ஆளு நிக்குது."

"வூட்டுக்குப் போ. அப்பால பேசிக்கலாம்."

"அப்பால பேசிக்கலாம். இப்ப வில்லை குடுங்க."

கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் என் கையாலேயே உனக்கு அந்த வில்லையை எடுத்துக் கொடுத்தேன். பச்சையம்மா உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில், அதே கொட்டகையில், அதே கற்குவியலுக்கு முன்னால், மிஷன் விடுதியில் படித்த என் மனைவி உட்கார்ந்தாள். சாயங்காலம் நீ வெளியே வரும்போது புருவமும் முடியும் மாவு பூசியதுபோல் வெளுத்திருக்கும். "இப்பவே கெழவி ஆயிட்டேன் பாருங்க" என்று என்னைச் சிரிக்க வைக்கப் பார்ப்பாய். அது வெறும் தூசி என்றுதான் நானும் நினைத்தேன், நீயும் நினைத்தாய். தட்டினால் போய்விடும், குளித்தால் கரைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது நெஞ்சுக்குள்ளே போய் உட்காரும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

பள்ளி விடுமுறைக்குப் பச்சையம்மா வரும் நாள்தான் நம் வீட்டுக்குத் திருநாள். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்கு வண்டி வருவதற்கு வெகுநேரம் முன்பே நீ போய் நிற்பாய். அவள் இருக்கும் நாளெல்லாம் நீ கொட்டகைக்குப் போக மாட்டாய். அவள் வருவதற்கு முன்னால் சீயக்காய் தேய்த்துத் தலைமுழுகி, வெடித்த விரல்களில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வாய். நீ எங்கே வேலைக்குப் போகிறாய் என்பது அவளுக்குத் தெரியக் கூடாது என்று எனக்கு உத்தரவு. லைன் முழுவதும் போய்ச் சொல்லி வைத்திருந்தாய். முனிசாமியிடமும் சொல்லியிருந்தாய். ஒருவர் விஷயம் இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லாத நம் லைனில், அத்தனை பெண்களும் அந்தப் பிள்ளையிடம் வாயைத் திறக்கவில்லை. அதை இன்றும் நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

முதல் வருஷம் அவள் உன்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். அதைக் கேட்கத்தான் நீ பிறந்தாய் என்று நான் நினைத்தேன். நீயோ அவளை மடியில் இருத்திக்கொண்டு, "ஒனக்கு அம்மா இருந்தாங்க கண்ணு. நான் அத்தை. இவரு மாமா" என்றாய். உன் முகம் என்ன பாடுபட்டது என்பதை நான்தான் பார்த்தேன்.

விடுதியில் கற்றுக்கொடுத்த வழக்கப்படி அவள் ஒருமுறை, தாங்கள் செய்த பேருதவிக்கு நன்றி என்று எழுதியிருந்தாள். அடுத்து வந்தபோது நீ அவளிடம் சொன்னாய்: "நன்றி கின்றின்னு எழுதாத. இன்னா சோறு போட்டாங்க, யாரோட சண்ட போட்டே, எந்தக் கணக்கு வரல, அத்த எழுது. அத்தைக்கு அதுதான் வேணும்." அதற்குப் பிறகு அவள் எழுதியதையெல்லாம் நீ எத்தனை முறை படித்தாய்! சாம்பாரில் பல்லி விழுந்த கதையை எனக்கே நாலைந்து தடவை படித்துக் காட்டிச் சிரித்தாய். சிரித்தால் இருமல் வரும். அப்போதே இருமல் வந்துவிட்டிருந்தது.

பச்சையம்மா ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்ந்த வருஷம் நீ படுத்துவிட்டாய். டாக்டர் உன் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, கொட்டகைக்கு இனிப் போகக் கூடாது என்றார். போக உன்னால் முடியவும் இல்லை. நாலு அடி நடந்தால் மூச்சு நின்று நின்று வரும். எலும்பும் தோலுமாகிவிட்ட உன்னைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைப்பேன். ஒரு நாள் மத்தியானம், தகரக் கூரை வெயிலில் படபடவென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்:

"அவளுக்குத் தெரியக் கூடாது. நான் போன பொறவும் தெரியக் கூடாது."

"ஏன்? அவ தெரிஞ்சிக்கட்டுமே. ஒனக்காக ரெண்டு சொட்டு..."

"அதுக்குத்தான் வேணாங்கறேன். எனக்கு ஒரு அம்மா, செத்த புள்ள பேரக் குடுத்தாங்க. ஆயுசு முழுக்க அந்தப் புள்ளைக்குப் பதிலா நான் இருக்கறேன்னு நெனச்சிக்கினே இருந்தேன். நல்லா இருக்கணுமே, அவங்களுக்குக் கொறை வரக் கூடாதேன்னு பயந்துக்கினே இருந்தேன். என் சாவ நான் இவ தலையில வெக்கணுமா? இவ இவளாவே இருக்கட்டும்."

பேசி முடித்ததும் நெடுநேரம் இருமினாய். நான் சரி என்று சொல்லும் வரை கையை விடவில்லை.

யாரோ சொல்லி, பச்சையம்மா படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றாள். உயர்ந்து, தலை பின்னி, காதில் சின்னத் தோடு போட்டு, பார்க்கப் பெரிய பெண்ணாக இருந்தாள். வந்த வேகத்தில் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, உன் பாய் படுக்கையை எடுத்து வெளுத்து, கஞ்சி காய்ச்ச உட்கார்ந்தாள். "நான் இனிமே போவல அத்தை. ஒங்களப் பாத்துக்கறேன்" என்றாள். நீ அவளை ஒரு வாரம் பக்கத்தில் வைத்துக்கொண்டாய். அவள் ஊட்டியதைச் சாப்பிட்டாய். அவள் மடியில் தலை வைத்துத் தூங்கினாய். பிறகு என்னிடம், "நாளைக்கு அவள வண்டி ஏத்தி வுட்டுடுங்க" என்றாய்.

அவள் அழுதாள், கோபித்துக்கொண்டாள், சோறு உண்ணாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். "பரிட்ச முடிச்சிட்டு வா. அத்தை இங்கதான் கெடப்பேன், எங்க ஓடிடப் போறேன்" என்றாய் நீ. அவள் நம்பினாள். ஸ்டேஷனில் வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியாக, "மாமா, கஞ்சி அடிப்புடிக்காம பாத்துக்கோங்க. அத்தைக்கு ஆவாது" என்று கத்தினாள். நான் தலையாட்டினேன். நான் வீட்டுக்கு வந்தபோது நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். அன்று முழுவதும் திரும்பவே இல்லை.

அவள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் நீ போனாய். விளக்கு வைக்கிற நேரம். வெளியே தாய்மார்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீ கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்து, "இதோ வரேம்மா" என்றாய். தெளிவாகச் சொன்னாய், ஒரு சின்னப் பெண்ணின் குரலில். நான் உன் முகத்தோடு முகம் வைத்துக் கேட்டேன். "இன்னான்னு கூப்ட்டாங்க? சொல்லு, இன்னான்னு கூப்ட்டாங்க?" நீ சொல்லவில்லை. எனக்கு அது கேட்கவில்லை. வெளியே அந்த நேரத்தில் கூப்பிட்ட பெயர்களையெல்லாம் நான் பிறகு நினைத்து நினைத்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்றா, அல்லது வேறு எங்கிருந்தோ வந்ததா, எனக்குத் தெரியாது.

பச்சையம்மா பரீட்சையில் தேறிவிட்டாள். ஆண்டர்சன்பேட்டையில் புதிதாகத் திறந்த பெண்பிள்ளைகள் பள்ளியில் இப்போது அவள் ஆசிரியை. அவள் பெயரை அப்படியே சொல்லித்தான் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள்: பச்சையம்மா டீச்சர். முனிசாமி அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அதைக் காதால் கேட்கவே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறானாம். லெவலில் பாறை விழுந்து செத்துப்போன ஓர் ஆளின் மகளை, தன் சம்பளத்தில் அவளே இப்போது படிக்க வைக்கிறாள். நான் சொல்லிச் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எனக்குச் சமைத்துப் போடுகிறாள். போன வாரம் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவ எழுந்தவள் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? அத்தைக்கு அந்த இருமலு எப்பிடி வந்துச்சு?"

தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"இந்த ஊரு பனி, கண்ணு. எல்லாருக்குந்தான் வருது."

"கொட்டாய்ல வேல செய்ற பொம்பளைங்களும் அதே மாதிரி இருமறதப் பாத்தேன். அதான் கேட்டேன்."

"பனிதான்."

"அவ்ளோதானா மாமா?"

"அவ்ளோதான்."

அவள் நம்பினாளா, நம்பியதுபோல் இருந்தாளா, என்னால் சொல்ல முடியாது. தட்டைக் கழுவி வைத்தாள். மறுநாள் பள்ளிக்குத் திருத்த வேண்டிய சிலேட்டுகளைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வரேன் மாமா என்று கிளம்பினாள். நான் வாசலில் நின்று, லைன் முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கையை வீசிக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு, எந்தச் சுமையும் இல்லாதவளாக நடந்து போனாள்.

உனக்கு அது போதுமாக இருந்திருக்கும். எனக்குப் போதவில்லை. நீ இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம். ஆனாலும் அவள் எத்தனை முறை கேட்டாலும், பனி என்றுதான் சொல்வேன்.